குழந்தைகளின் இருதயக் குறைகள்: காலத்தே கண்டறிதலும் சிகிச்சையும்

மனிதக் கரு உருவாகும்போது முதன்முதலாகத் தன் தொழிலைத் தொடங்கும் உறுப்பு இருதயமாகும். கருத்தரித்த மூன்றாவது வாரத்தின் இறுதியில், தாய் தான் கருவுற்றிருப்பதையே இன்னும் உறுதியாக அறியாத நிலையில், அது ஓர் எளிய குழாய் வடிவில் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பின்னர் அக்குழாய் வளைந்து மடிந்து, இடைச்சுவர்கள் எழும்பி, நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் கொண்ட உறுப்பாக எட்டாவது வாரத்திற்குள் உருப்பெறுகிறது. இத்துணை நுட்பமான வேலை இவ்வளவு குறுகிய காலத்தில் நடந்து முடிவதால், அதில் எங்கேனும் பிழை நேர்வது வியப்பன்று. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளின் இருதய அமைப்பில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது.

இவற்றுள் பல தாமே சரியாகிவிடக் கூடியவை. சில வாழ்நாள் முழுவதும் தீங்கின்றி இருப்பவை. எஞ்சிய சிலவோ முதலாண்டிற்குள், சில சமயம் முதல் வாரத்திற்குள்ளேயே சிகிச்சையை வேண்டி நிற்பவை. இன்ன குறை எவ்வகையைச் சார்ந்தது என்பதை வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு துணிய இயலாது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. பெரும் ஓசை எழுப்பும் குறை அற்பமாக இருக்கலாம். ஓசையே எழுப்பாத குறை உயிரைக் கவரலாம். நோய் தணிந்துவிட்டதெனப் பெற்றோர் மகிழும் காலமே சிகிச்சைக்குரிய காலம் கடந்து செல்லும் காலமாகவும் இருக்கலாம்.

இதை விளங்கிக்கொள்ளப் பிறப்பதற்கு முன்னும் பின்னும் இரத்தம் ஓடும் வழியைச் சிறிது அறிதல் வேண்டும். கருப்பையிலுள்ள குழந்தை சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாக வருகிறது. ஆகவே இரத்தம் நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய தேவை மிகக் குறைவு. அதனைத் தவிர்த்துச் செல்வதற்கென இயற்கை இரண்டு குறுக்கு வழிகளை அமைத்திருக்கிறது. ஒன்று, மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் அமைந்த சிறு கதவு போன்ற துவாரம். மற்றொன்று, நுரையீரல் தமனியைப் பெருநாடியோடு சேர்க்கும் இணைப்புக் குழாய். குழந்தை பிறந்து முதன்முறை வீறிட்டு அழுதவுடன் நுரையீரல் விரிகிறது. துவாரத்தின் கதவு சாத்திக்கொள்கிறது. இணைப்புக் குழாய் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி அடைபடுகிறது.

சில குழந்தைகளுக்கு இக்குழாய் அடைபடுவதே ஆபத்தாக முடிகிறது. நுரையீரலுக்குச் செல்லும் வழி பிறவியிலேயே மூடியிருக்குமாயின், அல்லது பெருநாடி ஓரிடத்தில் இறுகிப் போயிருக்குமாயின், அவ்விணைப்புக் குழாய் ஒன்றே உயிரைக் காத்து வருகிறது எனலாம். அத்தகைய குழந்தை பிறந்த அன்று நன்றாகவே தோன்றும், பாலும் குடிக்கும். பிரசவ விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ திடீரென்று சோர்ந்து, நீலம் பாய்ந்து, அல்லது சாம்பல் நிறமாகி, கைகால் குளிர்ந்து போகும். இது பெரும்பாலும் தொற்று நோய் என்று கருதப்பட்டு, உண்மைக் காரணம் அறியப்படாமலே குழந்தை இறந்துவிடுவது உண்டு.

இதற்கு ஓர் எளிய பரீட்சை இருக்கிறது. குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழிந்தபின், வீட்டிற்கு அனுப்புவதற்கு முன், அதன் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். தோலின் வழியே சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரத்தத்தில் பிராணவாயு எந்த அளவு ஏறியுள்ளது என்பதை இது காட்டும். ஜப்பானியப் பொறியியலாளர் தாகுவோ அயோயாகி 1970-களில் இதன் தத்துவத்தைக் கண்டார். அளவு 95 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, கைக்கும் காலுக்கும் இடையே வேற்றுமை மூன்று விழுக்காட்டிற்கு மிகாதிருப்பின் பெரும்பாலும் கவலையில்லை. 90-க்குக் குறையுமாயின் ஒரு மணி நேரமும் தாமதித்தல் கூடாது. இடைப்பட்ட அளவாயின் ஒரு மணி கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கண்ணால் நீலத்தைக் கண்டுகொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பிராணவாயு 80 அல்லது 85 விழுக்காட்டிற்கு இறங்கும் வரை அனுபவமிக்க கண்ணுக்கும் அது புலப்படுவதில்லை. மாநிறமும் கருமையும் கொண்ட நம் நாட்டுக் குழந்தைகளிடம் அது இன்னும் கடினம். பிறந்த குழந்தையின் கைகால்கள் மட்டும் நீலமாயிருப்பது குளிரினால் நேர்வது, அது நோயன்று. நாக்கும் உதட்டின் உட்புறமுமே பார்க்க வேண்டிய இடங்கள்.

இவ்வாறு கண்டறியப்பட்ட குழந்தைக்குப் புராஸ்டகிளாண்டின் என்னும் மருந்தைச் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினால், அடைபடத் தொடங்கிய குழாய் மீண்டும் திறந்துகொள்ளும். 1970-களில் வழக்கிற்கு வந்த இம்மருந்து நோயைக் குணப்படுத்துவதன்று. குழந்தையை ரண சிகிச்சை நடைபெறும் நகரம் வரை உயிருடன் கொண்டு சேர்க்கப் போதிய அவகாசம் தருவது.

இனி, பிறந்த முதல் வாரத்தைக் கடந்து, ஒன்றரை இரண்டு மாதங்களில் வெளிப்படும் குறைகளைக் காண்போம். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது கீழறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் துவாரம் இருத்தல். பேச்சு வழக்கில் "இருதயத்தில் ஓட்டை" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவேயாம். இடக் கீழறையின் அழுத்தம் மிகுதி. ஆதலின் சுத்த இரத்தத்தில் ஒரு பகுதி துவாரத்தின் வழியே வலப்புறம் பாய்ந்து, மீண்டும் நுரையீரலுக்கே செல்கிறது. நுரையீரல் இரத்தத்தால் நிரம்பி வழிகிறது. உடலோ போதிய இரத்தமின்றி வாடுகிறது.

இக்குழந்தையின் நோயை முதலில் அறியத்தக்கவர் டாக்டர் அல்லர், பாலூட்டும் தாயே. பால் குடிப்பது கைக்குழந்தைக்குத் தேகப் பயிற்சி போன்றது. பெரியவர்கள் மாடிப்படி ஏறும்போது உணரும் இளைப்பை இது மார்பில் வாய் வைத்தவுடனே உணர்கிறது. நான்கு வாய் குடிக்கும், நிறுத்தி மூச்சு வாங்கும், மீண்டும் குடிக்கும். குளிர்ந்த வேளையிலும் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். வயிறு நிரம்பாமலே களைத்து உறங்கிவிடும். அரைமணியில் பசியோடு விழித்து அழும். நிறை ஏறாது. அடிக்கடி மார்ச்சளி கட்டும். இவ்வளவையும் தாய் எடுத்துச் சொல்லியும், "பால் போதவில்லை, புட்டிப் பால் கொடு" என்னும் அறிவுரையோடு அவளைத் திருப்பி அனுப்பிவிடுபவர் உளர். அமைதியாக உறங்கும் இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ, ஓராண்டிற்கு உட்பட்டது 50 முறையோ அதற்கு மேலோ சுவாசிக்குமாயின், அது சளியானாலும் இருதயமானாலும் உடனே மருத்துவரிடம் காட்டத்தக்கது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் கேட்க முயல்வது இருதயத்தின் இரைச்சலை. ஆங்கிலத்தில் மர்மர் எனப்படும் இதனைத் தமிழில் 'முணுமுணுப்பு' என்று பெயர்த்தவர்கள் உண்டு. எனக்கு அது மனக்குறையுள்ள ஓர் ஆளை நினைவூட்டுவதால் இரைச்சல் என்றே எழுதுகிறேன். வடமொழியில் உலர்ந்த இலைகளின் சலசலப்புக்கு மர்மரம் என்று பெயர் இருப்பதைக் காணும்போது, மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையே இல்லாதிருந்தது போலும் என்று தோன்றுகிறது. அது நிற்க. இரைச்சல் கேட்டதும் பெற்றோர் நடுங்கிவிடுகின்றனர். ஆரோக்கியமான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு சமயம், குறிப்பாகக் காய்ச்சலின்போது, மெல்லிய இரைச்சல் கேட்கும், அது தீங்கற்றது. சிறிய துவாரம், குறுகிய மதகின் வழியே நீர் பீச்சுவதைப் போலப் பேரிரைச்சல் எழுப்பும். ஆனால் இருதயத்தை வருத்தாது. அவற்றுள் பல, குழந்தை நடக்கப் பழகுவதற்குள் தாமே மூடிக்கொள்ளும். இதனை ஹென்றி ரோஜே என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1879-லேயே எடுத்துரைத்தார். பெரிய துவாரமோ அகலத் திறந்த மதகு. அதில் நீர் ஓசையின்றிப் பாயும்.

இங்கேதான் மேலே குறித்த ஏமாற்றம் நிகழ்கிறது. மிகுந்த அழுத்தத்தோடு ஓயாமல் பாயும் இரத்தத்தைத் தாங்குவதற்காக நுரையீரலின் நுண்ணிய தமனிகள் தம் சுவர்களைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. வழி குறுகுகிறது, நுரையீரலுக்குச் செல்லும் மிகை இரத்தம் குறைகிறது. அதனால் குழந்தைக்கு இளைப்புக் குறையும், சளித் தொல்லை விலகும், நிறையும் சிறிது ஏறும், இரைச்சலும் தணியும். குழந்தை தேறிவிட்டது என்று வீட்டில் அனைவரும் மகிழ்வர். உண்மையில் நிகழ்ந்திருப்பது வேறு. தடித்த தமனிகள் சில ஆண்டுகளில் மீளா நிலையை அடைகின்றன. நுரையீரல் பக்கத்து அழுத்தம் மேலோங்கி, அசுத்த இரத்தம் துவாரத்தின் வழியே எதிர்த்திசையில் பாயத் தொடங்குகிறது; உதடும் நகமும் நீலமாகின்றன; விரல் நுனிகள் முரசடிக்கும் கோல் போலத் திரள்கின்றன. வியன்னாவில் விக்டர் ஐசன்மெங்கர் 1897-ல் விவரித்த இந்நிலை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இந்நிலையில் துவாரத்தை மூடலாகாது. மூடினால் வலக் கீழறை தன் சுமையை இறக்க வழியின்றிச் செயலிழக்கும். மருந்துகளால் துன்பத்தைத் தணிக்கலாமே யன்றி நோயை நீக்க இயலாது.

தில்லியில் என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் பெண்ணுக்கு இவ்வாறு நேர்ந்தது. நான்காம் மாதத்தில் துவாரம் கண்டறியப்பட்டது. ரண சிகிச்சைக்குக் குறித்த நாளில் சளி இருந்ததால் அது ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் இடமாற்றம், பின்னர் குழந்தை இரண்டு வயதில் நன்றாகத் தேறிவிட்டாள் என்னும் நம்பிக்கை. பாட்டியார் கோயிலில் முடியிறக்கி நேர்த்திக் கடனையும் செலுத்திவிட்டார். எட்டாவது வயதில் பள்ளியில் ஓடும்போது மயங்கி விழுந்ததும் மறுபடி பரிசோதித்தனர். மூடுவதற்குரிய காலம் கடந்துவிட்டது என்றார் மருத்துவர். இன்று அவள் கல்லூரி மாணவி. எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் சன்னலருகே நின்று, கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்ப்பவள் போல, மூச்சு வாங்கிக்கொள்வாள். அந்தக் குடும்பத்தில் அலட்சியம் உள்ளவர் எவரும் இல்லை. இரண்டு வயதில் தேறியதன் பொருளை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

பெரிய துவாரத்தை முதலாண்டிற்குள், இயன்றால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூடுவதே இக்காலத்திய விதி. நிறை ஏறட்டும் என்று காத்திருப்பது பயனற்றது. துவாரம் உள்ளவரை நிறை ஏறாது. பெருநாடியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி முளைத்திருக்கும் குறையாயின், முதல் மூன்று நான்கு வாரங்களிலேயே அவற்றை மாற்றிப் பொருத்த வேண்டும். அதற்குப் பின் இடக் கீழறை தன் வலிமையை இழந்துவிடும்.

குறையின் உருவை நேரே காட்டுவது எக்கோ எனப்படும் மீயொலிப் பரிசோதனை. இதன் பிறப்பு சுவையானது. ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்னும் மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், மால்மோ கப்பல் தளத்தில் உலோகத்திலுள்ள விரிசல்களைக் கண்டறியப் பயன்பட்ட கருவியை இரவல் வாங்கி, 1953-ல் மனித இருதயத்தின் மீது வைத்துப் பார்த்தனர். இரும்பில் விரிசலைத் தேடிய ஒலி இன்று தாயின் வயிற்றில் 18 முதல் 22 வாரக் கருவின் இருதயத்தையும் காட்டுகிறது. வலியில்லை, கதிர்வீச்சுமில்லை. எக்ஸ் கதிர்ப்படமும் மின் வரைபடமும் இதற்குத் துணை செய்வன. தொடைச் சிரையின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை, மூடலாமா கூடாதா என்னும் ஐயம் எழும்போது தேவைப்படும்.

ரண சிகிச்சையின் வரலாறு நூறாண்டு நிரம்பாதது. 1938-ல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ், அடைபடாத இணைப்புக் குழாயை ஏழு வயதுப் பெண்ணொருத்திக்குக் கட்டி மூடினார். அதன் பின்னர் நீலக் குழந்தைகளின் பால் கவனம் திரும்பியது. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகி, கீழறைச் சுவரில் துவாரமும் உள்ள இக்குறையை 1888-ல் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ தெளிவுற விளக்கியிருந்தார். பால்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை இருதய மருத்துவரான ஹெலன் டௌஸிக் அம்மையார், இணைப்புக் குழாய் திறந்துள்ள நீலக் குழந்தைகள் அது அடைபட்டதும் மோசமடைவதைக் கவனித்தார். அப்படியாயின் செயற்கையாக ஒரு குழாயை ஏன் அமைக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. அவருக்குச் செவிப்புலன் குன்றியிருந்தது. ஆகவே குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து அதிர்வைக் கொண்டே நோயை அறியப் பழகியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1944 நவம்பர் 29-ல் ஆல்பிரெட் பிளேலாக் 15 மாதக் குழந்தையொன்றுக்குக் கைத் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு படிப்பலகை மீது நின்று யோசனை கூறியவர் விவியன் தாமஸ். கல்லூரிப் படிப்புக்கு வழியற்ற இக்கறுப்பின ஆய்வுக்கூட உதவியாளரே நாய்களிடம் இம்முறையைச் செய்து செம்மைப்படுத்தியவர். பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976-ல்தான்.

இருதயத்தைத் திறந்து துவாரத்தை மூட, அதுவரை இரத்தத்தை வேறெங்கேனும் ஓடச் செய்தல் வேண்டும். 1953-ல் ஜான் கிப்பன் அதற்குரிய இயந்திரத்தை முதன்முறையாக வெற்றியுடன் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு மின்னசோட்டாவில் வால்டன் லில்லஹை, இயந்திரத்திற்குப் பதிலாகக் குழந்தையின் தந்தையையே பக்கத்து மேஜையில் கிடத்தி, அவருடைய இருதயமும் நுரையீரலும் இருவருக்கும் சேர்த்து உழைக்கும்படி செய்தார். இம்முறையில் 45 பேருக்குச் சிகிச்சை நடைபெற்றது. இயந்திரம் செம்மையுற்றதும் இது கைவிடப்பட்டது.

நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் 1949-ல் மார்பு ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்; அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சையும் நடைபெற்றது. தலைநகரில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் இருதய மருத்துவத்தை நிலைநாட்டிய டாக்டர் எஸ். பத்மாவதி, பர்மாவில் பிறந்தவர். ஹெலன் டௌஸிக்கிடமே பயின்றவர். 2020-ல் தமது 103-ஆவது வயதில் மறைந்தார்.

இன்று மேலறைச் சுவரின் துவாரங்கள் பலவற்றையும் அடைபடாத இணைப்புக் குழாயையும் மார்பைத் திறவாமலே, தொடைச் சிரையின் வழியே மடக்கிச் செலுத்தப்படும் உலோகக் குடையால் அடைத்துவிடுகின்றனர். குழந்தை ஓரிரு நாட்களில் வீடு திரும்பும். செலவைக் குறித்து அஞ்சிப் பின்வாங்குவோர்க்கு ஒன்று சொல்லலாம். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். பிறவி இருதயக் குறை அதன் பட்டியலில் உண்டு. ரண சிகிச்சையும் இலவசம். கேரளம் 2017 முதல் 'ஹ்ருத்யம்' என்னும் பெயரில் இத்தகைய குழந்தைகளைப் பதிவு செய்து, அவசரத்தின் அளவிற்கேற்ப மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது.

நீலக் குழந்தையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. காலையில் எழுந்ததும் அழுதோ, மலம் கழிக்கும்போது முக்கியோ, குழந்தை திடீரென்று கருநீலமாகி மூச்சிரைக்குமாயின், அதனைத் தோளில் சாய்த்து முழங்கால்களை மார்போடு சேர்த்து மடக்கிப் பிடித்தல் வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் தாமாகவே குந்திக்கொள்வதும் இதன் பொருட்டே. பின்னர் உடனே மருத்துவமனை. இக்குழந்தைகளுக்கு இரும்புச் சத்துக் குறைவும் நீர் வறட்சியும் மிகவும் தீங்கு செய்வன.

இக்குறைகள் ஏன் ஏற்படுகின்றன என்பது பெரும்பாலான குழந்தைகளிடம் விளங்குவதில்லை. கருவுற்ற தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா காய்ச்சல் வருதல், கட்டுப்படாத நீரிழிவு, சில வலிப்பு மருந்துகள், மரபணுக் கோளாறுகள் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு. கிரகணத்தன்று வெளியே வந்ததையும் பப்பாளி தின்றதையும் சொல்லித் தாயைக் குற்றம் சாட்டுவது ஆதாரமற்றது.

பிறவியில் வாராமல் ஐந்து முதல் பதினைந்து வயதிற்குள் வருவது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப் புண்ணில் தொடங்கி, முழங்கால் கணுக்கால்களை வீங்கச் செய்து விலகி, வால்வுகளில் வடு விட்டுச் செல்லும் இது தனிக் கட்டுரைக்குரியது. மூட்டு வீக்கம் தணிந்த பின்னும் மூன்று வாரத்திற்கு ஒரு முறை பென்சிலின் ஊசியைப் பல்லாண்டுகள் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் இங்கே குறிக்கலாம். வலி போன பின் ஊசியை நிறுத்திவிடுவோர் மிகப் பலர்.

ரண சிகிச்சை முடிந்த குழந்தையைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பொத்தி வைக்க வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்ததும் பள்ளிக்கு அனுப்பலாம், பெரும்பாலோர் ஓடியாடலாம். பற்களில் சொத்தை விழாமல் காத்தல் அவசியம். பல் வழியே இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் இருதயத்தில் தங்கிவிடக் கூடும். பல் பிடுங்குவதற்கு முன் இருதயக் குறையைப் பல் மருத்துவரிடம் தெரிவித்து, முன்கூட்டியே மருந்து வேண்டுமா என்று கேட்டறிதல் வேண்டும். சிகிச்சைச் சீட்டுகள், எக்கோ அறிக்கை, மாதந்தோறும் எடுத்த நிறைக் கணக்கு ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, இடமாற்றம் நேரும்போது பெட்டியில் போடாமல் கையிலேயே எடுத்துச் செல்வது நலம்.